நோய்க்கும் ஒரு முகவரி இருந்த காலம்

யூஸ்நெட்.

இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவங்க இங்கே எத்தனை பேர்னு தெரியல. தொண்ணூறுகளில் அமெரிக்கா போய்ப் படிச்ச சித்தப்பாவோ பெரியம்மா பையனோ வீட்டுல இருந்தா கேட்டுப் பாருங்க. கண்ணு கொஞ்சம் பளிச்சுன்னு ஆகும்.

ஃபேஸ்புக் இல்லை, வாட்ஸ்அப் இல்லை, கூகுள் இல்லை. வெப்சைட் என்ற ஒன்றே பிறக்காத காலம். அப்போதே பல நாட்டு ஆட்கள் ஒரே விஷயத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசி, சண்டை போட்டு, ஆறுதல் சொல்லிக்கிட்ட இடம் அது.

இன்னைக்குக் கொஞ்சம் நீளமான த்ரெட். டீ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

முதல்லயே சொல்லிடறேன். நான் கம்ப்யூட்டர் ஆள் இல்லை, பொது மருத்துவர். இதுக்குள்ள நான் போன வழியே வேற.

அக்கா பையன் இன்ஜினியரிங் படிக்கிறான். மெஷின் லேர்னிங் பாடத்துக்கு ஏதோ பயிற்சி செஞ்சுக்கிட்டு இருந்தவன், "மாமா, இங்க பாருங்க, உங்க ஆளுங்க எழுதினது"ன்னு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான்.

அதன் பெயர் '20 நியூஸ்குரூப்ஸ்'. யூஸ்நெட்டின் 20 குழுக்களிலிருந்து அள்ளிய கிட்டத்தட்ட 20,000 கடிதங்கள். எந்தக் கடிதம் எந்தக் குழுவைச் சேர்ந்ததுன்னு மறைச்சு வெச்சுட்டு, எழுத்தை மட்டும் படிச்சு கம்ப்யூட்டரைக் கண்டுபிடிக்கச் சொல்லணும். உலகம் முழுக்க மெஷின் லேர்னிங் மாணவர்கள் கை பழகுற பாடம் இது. அவன் வெச்சிருந்த சைகிட்-லேர்ன் பாடத்தில் நாலு குழு மட்டும்: நாத்திகம், கிறிஸ்தவம், கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ், மருத்துவம்.

மருத்துவக் குழுவின் பெயர் 'சை.மெட்'. சயின்ஸ், அதுக்குள்ள மெடிசின். சுமார் ஆயிரம் கடிதங்கள். பெரும்பாலும் 1993ஆம் வருஷத்தைச் சேர்ந்தவை.

அவன் பயிற்சியை முடிச்சுட்டுத் தூங்கப் போயிட்டான். நான் படிச்சுக்கிட்டே இருந்தேன்.

அஜினோமோட்டோ சாப்பிட்டா தலைவலி வருமா, வராதா? பெரிய சண்டை. (1968ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினுக்கு ஒரு டாக்டர் எழுதின கடிதத்தில் ஆரம்பிச்ச சந்தேகம். 25 வருஷம் கழிச்சு அங்கேயும் ஓடுது, அதுக்கும் 30 வருஷம் கழிச்சு என் ஓ.பி.யிலும் ஓடுது.) சிறுநீரகக் கல்லுக்கு என்ன செய்யலாம்? உடம்பு முழுக்க ஈஸ்ட் கிருமி பரவினதாலதான் எனக்கு இத்தனை உபாதையும்னு ஒரு தரப்பு, ஆதாரத்தைக் காட்டுன்னு இன்னொரு தரப்பு. உடம்பைச் சுத்தி இருக்கும் ஒளியைப் படம் பிடிச்சு நோயைக் கண்டுபிடிக்கலாமான்னு கூட ஒரு விவாதம்.

தேதியை மட்டும் மறைச்சுட்டா போன வாரம் என் இன்பாக்ஸுக்கு வந்த கேள்விகள்னே சொல்லலாம்.

ஆனா ஒரு வித்தியாசம் இருந்தது. யாரும் யாருக்கும் 'இது என்ன இடம்'னு விளக்க வேண்டிய அவசியமே வரல. உள்ள வந்தவங்க எல்லாருக்கும் இது மருத்துவம் பேசும் இடம், ஆதாரம் கேப்பாங்க, திட்டுவாங்கன்னு தெரிஞ்சிருந்தது. அதுதான் என்னை மேற்கொண்டு தோண்ட வெச்சது.

சரி, கொஞ்சம் வரலாறு.

1979. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம். டியூக் பல்கலைக்கழகத்தில் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்று ரெண்டு மாணவர்கள். அப்போ ஆர்பாநெட் என்ற நெட்வொர்க் இருந்தது. ஆனா அது ராணுவத் துறையோட ஒப்பந்தம் இருந்த நிறுவனங்களுக்குத்தான். மத்தவங்க வெளியே நின்னு வேடிக்கை பார்க்கணும்.

இவங்க யோசிச்சது சாதாரண டெலிபோன் லைனை. யூனிக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்று இன்னொன்றுக்கு போன் போட்டு ஃபைலை அனுப்பும் வசதி ஏற்கெனவே இருந்தது. அதை வெச்சு, ஒரு கம்ப்யூட்டரில் எழுதின கடிதத்தை ராத்திரியோட ராத்திரியா பக்கத்து கம்ப்யூட்டருக்குக் கடத்தினா? அது அதுக்கடுத்த கம்ப்யூட்டருக்குக் கடத்தினா? பக்கத்து ஊரான சேப்பல் ஹில்லில் படிச்சுக்கிட்டிருந்த ஸ்டீவ் பெலோவின் முதல் நிரலை எழுதினார்.

ஏன் ராத்திரி? போன் கட்டணம் கம்மி. நம்ம ஊர்ல எஸ்.டி.டி. பூத் வாசல்ல ராத்திரி 11 மணிக்கு மேல கால் ரேட்டுக்குக் காத்துக்கிட்டு நின்னவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆரம்பத்தில் இணைஞ்ச மூணு இடங்களில் ரெண்டு இந்தப் பல்கலைக்கழகங்கள். மூணாவது எது தெரியுமா? டியூக் மருத்துவக் கல்லூரியின் உடலியல் துறை. பிசியாலஜி டிபார்ட்மென்ட்! இதைப் படிச்சப்ப எனக்குக் காரணமே இல்லாம ஒரு பெருமை.

ஒரு நாளைக்கு ஒண்ணோ ரெண்டோ கடிதம் வரும்னு எதிர்பார்த்துத்தான் ஆரம்பிச்சாங்க. அந்த எதிர்பார்ப்பு எவ்வளவு நாள் தாங்கியிருக்கும்னு நீங்களே யூகிச்சுக்கலாம்.

யூஸ்நெட்டுக்கு முதலாளி கிடையாது. தலைமை அலுவலகம் கிடையாது. ஒவ்வொரு கல்லூரியிலும் கம்பெனியிலும் உள்ள கம்ப்யூட்டர் எல்லாக் கடிதத்துக்கும் தன்கிட்ட ஒரு நகல் வெச்சுக்கும், சில நாளோ சில வாரமோ கழிச்சு அழிச்சுடும். எந்தக் குழுவை வாங்குறது, எதை விடுறதுன்னு அந்தந்த இடத்து நிர்வாகிதான் முடிவு செய்வார்.

இப்படி ஓர் அமைப்பில் ஒழுங்குக்கு இருந்த ஒரே கருவி குழுவின் பெயர்தான்.

ஜி.ஹெச்.ல ஓ.பி. சீட்டு போடுற இடத்தை நினைச்சுக்கோங்க. "என்ன பண்ணுது?" "கண்ணு மங்கலா தெரியுதுங்க." கண் பிரிவுன்னு எழுதிக் கொடுத்துடுவாங்க. உள்ளே இருக்கும் டாக்டர் யாருன்னு உங்களுக்குத் தெரியாது. ஆனா எந்த வாசல்னு தெரியும். யூஸ்நெட் அப்படித்தான். இன்றைய ஃபேஸ்புக்கில் நீங்க பின்தொடர்றது ஆளை. அங்கே பின்தொடர்ந்தது விஷயத்தை.

ஆரம்பத்தில் பெரும்பாலான குழுக்களுக்கு முன்னொட்டு 'நெட்'. மருத்துவத்துக்கு நெட்.மெட், நகைச்சுவைக்கு நெட்.ஜோக்ஸ், சமையலுக்கு நெட்.குக்ஸ். குழுக்கள் பெருகப் பெருக இது தாங்கல. 1986-87ல் மொத்தத்தையும் பிரிச்சு மறுபடி அடுக்கினாங்க. 'மாபெரும் பெயர்மாற்றம்'னு அதுக்கே ஒரு பெயர் உண்டு.

ஏழு பெரிய கிளைகள். கம்ப்யூட்டருக்கு காம்ப், அறிவியலுக்கு சை, பொழுதுபோக்குக்கு ரெக், சமூகத்துக்கு சோஷ், யூஸ்நெட்டைப் பற்றியே பேச நியூஸ், சும்மா வாய்ச்சண்டைக்கு டாக், எதிலும் அடங்காததுக்கு மிஸ்க். மானுடவியல் துறைகளுக்கான எட்டாவது கிளை பிற்பாடு, 1995ல்தான் வந்தது. ஒவ்வொரு கிளைக்கும் கீழே புள்ளி வெச்சு உள்கிளை, அதுக்குக் கீழே இன்னொன்று.

மருத்துவர்களுக்கு இது ரொம்பப் பரிச்சயமான முறை. ஐ.சி.டி.-10ல் ஈ11ன்னா இரண்டாம் வகை சர்க்கரை நோய். ஈ11.3ன்னா அதனால் கண்ணில் வந்த பாதிப்பு. புள்ளிக்கு இந்தப் பக்கம் பெரிசு, அந்தப் பக்கம் சிறுசு.

இதெல்லாம் அறிவியல் நோக்கத்தோட செஞ்ச வகைப்பாடுன்னு நினைச்சுடாதீங்க. காசுதான் முக்கியக் காரணம். அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஐரோப்பாவுக்குக் கடிதம் அனுப்பச் செலவு அதிகம். மதச்சண்டை, அரசியல் சண்டைக்கெல்லாம் நாங்க ஏன் போன் பில் கட்டணும்னு அந்தப் பக்கம் கேட்டாங்க. நியாயம்தானே? அதனால அடிதடிக் குழுக்களை எல்லாம் டாக் என்ற ஒரே கிளையில் கட்டி வெச்சுட்டா, வேண்டாதவங்க ஒரே வெட்டில் வெட்டிக்கலாம். புண் இருக்கும் இடத்தை மட்டும் தனியா ஒதுக்குற மாதிரி.

இதை முடிவு செய்தது, அதிகப் போன் செலவை ஏத்துக்கிட்ட பெரிய இடங்களின் நிர்வாகிகள் சில பேர். 'முதுகெலும்புக் கும்பல்'னு மத்தவங்க பாதி கேலியா, பாதி கோபமா சொன்னாங்க.

கோபப்பட்டவங்கள்ல மூணு பேர் 1987 மே மாதம் கலிபோர்னியாவின் மவுன்டன் வியூ ஊரில் ஒரு பார்பெக்யூ கடையில் உக்காந்து ஒரு முடிவு எடுத்தாங்க. பிரையன் ரீட், ஜான் கில்மோர், கோர்டன் மொஃபெட். ரீட் சமையல் குறிப்புக் குழு நடத்தினவர், புதுசா வெச்ச பெயர் அவருக்குப் பிடிக்கல. கில்மோர் போதைப்பொருள் பற்றிப் பேச ஒரு குழு கேட்டு, அது கிடைக்கல. "உன் ரோடு வேண்டாம், நாங்களே ஒரு ரோடு போட்டுக்கறோம்"னு பிறந்ததுதான் 'ஆல்ட்' என்ற கிளை. ஆல்டர்நேட்டிவ்.

ஏழு கிளையில் புதுக் குழு வேணும்னா முறைப்படி விவாதம், அப்புறம் ஓட்டெடுப்பு. எதிர்ப்பைவிட ஆதரவு 100 ஓட்டாவது கூட இருக்கணும், மொத்தத்தில் மூணில் ரெண்டு பங்கும் இருக்கணும். ஆல்ட்ல எதுவும் கிடையாது. தெரிஞ்சவன் ஒருத்தன் ஒரு கட்டளையை அனுப்பினா போதும், குழு பிறந்துடும். ஆகாத குப்பை எல்லாம் அங்கேதான் கொட்டினது. ஒரு பொம்மை நிகழ்ச்சியில் வரும் ஸ்வீடன் சமையல்காரர் பேசுற 'போர்க் போர்க் போர்க்'குக்குக் கூட ஒரு குழு இருந்தது, சத்தியமா.

ஆனா அந்தக் குப்பைமேட்டுல முளைச்ச இன்னொன்றுதான் எனக்கு முக்கியம். ஆல்ட்.சப்போர்ட்.

மனச்சோர்வுக்கு ஆல்ட்.சப்போர்ட்.டிப்ரெஷன். ஆஸ்துமாவுக்கு ஒன்று. மூட்டுவாதத்துக்கு ஒன்று. வலிப்புக்கு ஒன்று. புற்றுநோய்க்கு ஒன்று. பெயரைக் கவனிங்க: மெடிசின் இல்லை, சப்போர்ட். ஒரே நோய்க்கு ரெண்டு வாசல். இந்தப் பக்கம் போனா நோயைப் பற்றிப் பேசுவாங்க. அந்தப் பக்கம் போனா நோயாளியோட பேசுவாங்க.

சை.மெட்டில் "இந்தப் புற்றுநோயில் ஐந்து வருஷம் தாண்டுறவங்க எத்தனை சதவீதம்?"னு கேட்டா அது கேள்வி. அதே எண்ணை ஆல்ட்.சப்போர்ட்.கேன்சர்ல, நேத்துதான் ரிப்போர்ட் வாங்கின ஒருத்தர்கிட்ட கேக்காமலே போய்ச் சொன்னா? அது உண்மையாவே இருந்தாலும் கொடுமை. மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு வகுப்பறையில் ஒரு மொழி, வார்டில் படுக்கை ஓரம் ஒரு மொழின்னு சொல்லித் தர வருஷக்கணக்கா ஆகும். யூஸ்நெட்டில் அதை வாசல் பெயரே செஞ்சுடுச்சு.

சர்க்கரை நோய்க்கு வந்த குழு இன்னும் சுவாரசியம். 1993ல் பிறந்தது. சை கிளைக்கும் போகல, ஆல்ட்டுக்கும் போகல. மிஸ்க்.ஹெல்த்.டயாபடிஸ். ஏன்னு யோசிச்சேன்.

அதே 1993லதான் டி.சி.சி.டி. என்ற ஆய்வின் முடிவு வெளியானது. முதல் வகை சர்க்கரை நோயாளிகள் 1,441 பேரைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வு. சர்க்கரையை இறுக்கமா கட்டுப்பாட்டில் வெச்சா, கண் பாதிப்பு இல்லாதவங்களுக்கு அது புதுசா வர்ற வாய்ப்பு 76% குறையுதுன்னு சொன்னது. ஆனா அதுக்கு விலை? ஒரு நாளைக்குக் குறைஞ்சது நாலு தடவை விரலைக் குத்திப் பாக்கணும், மூணு ஊசியாவது போடணும் அல்லது இன்சுலின் பம்ப் மாட்டிக்கணும். தாழ்சர்க்கரை மயக்கமும் மூணு மடங்கு அதிகம்.

மூணு மாசத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் பார்க்குற டாக்டரால இதை நடத்திக் கொடுக்க முடியாது. ராத்திரி 2 மணிக்கு வேர்த்துக் கொட்டி எழுந்தா என்ன சாப்பிடுறது, ஆபீஸ் மீட்டிங் நடுவுல எப்படி ஊசி போடுறதுன்னு, இதே நோயோட வாழுற இன்னொருத்தர்தான் சொல்லணும். அது விஞ்ஞானமும் இல்லை, வெறும் ஆறுதலும் இல்லை. அன்றாடம். அதுக்கு மிஸ்க் சரியான இடம்தான்னு என் கணிப்பு.

பெயர் வைக்கிறதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. 1983ல் ஒரு குழு ஆரம்பிச்சாங்க, நெட்.மோட்ஸ். பெயர்மாற்றத்துக்கு அப்புறம் சோஷ்.மோட்ஸ். என்னன்னு புரியுதா? புரியக் கூடாதுன்னுதான் வெச்சாங்க. 'ஒரே பாலினத்தைச் சேர்ந்தவர்கள்' என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். தன்பாலின ஈர்ப்பாளர்கள் பேசிக்கிற இடம். பெயரில் வெளிப்படையா இருந்தா எந்த நிர்வாகியாவது எரிச்சலாகித் தூக்கிடலாம், ஆபீஸ் கம்ப்யூட்டர் திரையைப் பக்கத்து சீட்டுக்காரர் பார்க்கலாம். வாசல்ல பலகை இருக்கணும், ஆனா தேடி வர்றவனுக்கு மட்டும் படிக்கத் தெரியணும்.

அந்த வருஷங்களில்தான் எய்ட்ஸ் வந்தது. நோய்க்கு அந்தப் பெயர் நிலைச்சது 1982 செப்டம்பரில். அதே வருஷம் டிசம்பருக்குள்ள யூஸ்நெட்டில் அதைப் பற்றிப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. நம்ம நாட்டில் முதன்முதலா எச்.ஐ.வி. தொற்று கண்டுபிடிக்கப்பட்டது 1986ல், மெட்ராஸில். டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் எடுத்த ரத்த மாதிரிகளில். "இங்கெல்லாம் அது வராது"ன்னு எல்லாரும் சொல்லிக்கிட்டு இருந்த நேரம்.

வதந்திக்கு மட்டும் பஞ்சமே இல்லை. அமெரிக்க ராணுவம் ஆய்வுக்கூடத்தில் தயாரிச்ச கிருமின்னு ஒரு கதை. சோவியத் உளவுத்துறை கிளப்பிவிட்டது. அது முதல்ல அச்சேறினது எங்கே? 1983 ஜூலையில், டெல்லியிலிருந்து வந்துக்கிட்டிருந்த ஓர் ஆங்கில நாளிதழில். ஃபார்வர்டு மெசேஜ்ல நாம இப்போ முன்னணின்னு நினைக்காதீங்க, அப்பவே நம்ம பங்கு இருந்திருக்கு.

பிற்பாடு வந்த சை.மெட்.எய்ட்ஸ் குழுவுக்கு அதனால்தான் ஒரு காவல் இருந்தது. நீங்க எழுதினது நேரா குழுவுக்குப் போகாது. நெறியாளருக்கு மின்னஞ்சலா போகும், அவர் படிச்சு அனுப்பினாத்தான் வெளியே வரும். சம்பளம் இல்லாத வேலை. சாவு பயத்தில் இருக்கும் ஆட்கள் படிக்கும் இடத்தில் எது உள்ளே வரலாம்னு தினமும் ஒருத்தர் உக்காந்து பார்த்தார்.

காவல் இல்லாத வாசல்களும் இருந்தன. ஆல்ட்டில் தற்கொலையைப் பற்றிய ஒரு குழு. பெயர் சொல்ல மாட்டேன். உயிரை விட்டவர்களின் குடும்பங்கள் அதைக் கைகாட்டின. ஆல்ட் இல்லாட்டி ஆல்ட்.சப்போர்ட் இல்லை என்பது எவ்வளவு உண்மையோ, இதுவும் அவ்வளவு உண்மை. ரெண்டையும் ஒரே கதவுதான் உள்ளே விட்டது.

பெயர் மறைச்சு எழுதவும் ஒரு வழி இருந்தது. ஃபின்லாந்தில் யோஹான் ஹெல்சிங்கியஸ் என்பவர் 1993லிருந்து ஒரு சேவை நடத்தினார். அவர் கம்ப்யூட்டருக்கு அனுப்பினா உங்க பெயரை எடுத்துட்டு ஒரு எண்ணைப் போட்டுக் குழுவுக்கு அனுப்பும். சின்ன வயசில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் மீண்டு வரப் பேசுறதுக்குன்னு ஆல்ட்டில் ஒரு குழு இருந்தது. பலர் அந்த எண்ணுக்குப் பின்னால் நின்னுதான் வாழ்க்கையில் முதல் தடவை வாயைத் திறந்தாங்க. பயனர் ஒருத்தரின் அடையாளத்தைச் சொல்லணும்னு நீதிமன்றம் உத்தரவு போட்டதும், 1996ல் அவர் சேவையையே மூடிட்டார்.

இப்போ நான் இந்த த்ரெட்டை எழுத உக்காந்ததுக்கான காரணத்துக்கு வரேன்.

2021. என்கிட்ட வந்த ஒரு பொண்ணு. (அனுமதி வாங்கியாச்சு, அடையாளங்களை மாத்தியிருக்கேன்.) தூக்கமே வரலை, நெஞ்சு படபடங்குதுன்னு வந்தாங்க. ஈ.சி.ஜி. நார்மல். தைராய்டு நார்மல். பேசிக்கிட்டே இருந்ததில் வந்தது விஷயம். எட்டாம் மாசத்தில் குழந்தை வயித்துலயே இறந்துடுச்சு. நாலு மாசம் ஆகுது.

அவங்க கர்ப்பமா இருந்தப்ப, அதே சமயத்துல பிரசவத்துக்குக் காத்திருந்த பொண்ணுங்க எல்லாம் சேர்ந்த ஒரு வாட்ஸ்அப் குரூப். நாற்பது பேருக்கு மேல. ஒவ்வொருத்தருக்கா பிறக்கப் பிறக்க போட்டோ வருது. பெயர் சூட்டு விழா. முதல் சிரிப்பு. குப்புற விழுந்தது. இவங்க போன் ராத்திரி பகலா டிங் டிங்னு அடிச்சுக்கிட்டே இருக்கு.

"ஏம்மா, அதுலேருந்து வெளிய வந்துட வேண்டியதுதானே?"

"வந்தா 'லெஃப்ட்'னு எல்லாருக்கும் காட்டும் டாக்டர். ஏன்னு கேப்பாங்க. நான் அங்க யார்கிட்டயும் சொல்லலை."

"மியூட் பண்ணிடலாமேம்மா."

"பண்ணிட்டேன். ஆனா போய்ப் போய்ப் பாக்குறேன் டாக்டர். வேற எங்க போறதுன்னு தெரியலை."

வேற எங்க போறது.

அன்னைக்கு மனநல மருத்துவர்கிட்ட அனுப்பினேன், நல்லபடியா தேறி வந்தாங்க. ஆனா அந்தக் கடைசி வாக்கியம் என்னை விடல. பல நாள் கழிச்சு யூஸ்நெட் குழுக்களின் பட்டியலை மேஞ்சுக்கிட்டு இருந்தப்ப, இது கண்ணுல பட்டது.

மிஸ்க்.கிட்ஸ்.பிரெக்னன்சி. கர்ப்பிணிகளுக்கு.

மிஸ்க்.கிட்ஸ்.பிரெஸ்ட்ஃபீடிங். பாலூட்டும் தாய்மார்களுக்கு.

அப்புறம், முற்றிலும் வேற கிளையில், சோஷ்.சப்போர்ட்.பிரெக்னன்சி.லாஸ். கருவையோ குழந்தையோ இழந்தவர்களுக்கு.

முதல் ரெண்டும் 'கிட்ஸ்' என்ற சொல்லுக்குக் கீழே. இது மட்டும் இல்லை. சோஷ் கிளைன்னா ஓட்டெடுப்பு இருக்கு. அப்போ இப்படி ஓர் இடம் தேவையா, அதுக்கு என்ன பெயர், எந்தக் கிளைக்குக் கீழேன்னு ஆட்கள் உக்காந்து பேசி, குறைஞ்சது நூறு பேராவது மெனக்கெட்டு 'ஆம்'னு எழுதி அனுப்பியிருக்காங்க. குழந்தையை இழந்தவள் நுழையும்போது தலைக்கு மேல 'கிட்ஸ்'னு பலகை தொங்க வேண்டாம்.

இதை அவங்க யோசிச்சுத்தான் செஞ்சாங்களா, நான்தான் அதிகமா படிக்கிறேனா, அது வேற விஷயம். கதவு தனியா இருந்தது. அது போதும் எனக்கு.

எப்படி அழிஞ்சது?

ஒவ்வொரு செப்டம்பர்லயும் அமெரிக்கக் கல்லூரிகளில் புதுப் பிள்ளைங்க சேர்ந்து, யூஸ்நெட்டுக்குள்ள வந்து, தப்பான குழுவில் தப்பான கேள்வி கேட்டு வாங்கிக் கட்டிக்குவாங்க. ஒரு மாசத்தில் பழகிடுவாங்க. அடிக்கடி வர்ற கேள்விகளுக்குப் பதில் எழுதித் தொகுத்து மாசாமாசம் போடுற பழக்கமும் இருந்தது. எஃப்.ஏ.க்யூ. என்ற சொல்லை இன்னைக்கு வங்கி ஆப்ல கூடப் பாக்குறீங்களே, அது அந்தக் காலத்துக் குழுக்களிலிருந்து பரவினதுதான். பிடிக்காத ஆளின் கடிதம் கண்ணுலயே படாம செய்ய 'கில் ஃபைல்' இருந்தது. இன்றைய பிளாக் பட்டனுக்குத் தாத்தா.

1993-94ல் ஏ.ஓ.எல். மாதிரி நிறுவனங்கள் தங்கள் சந்தாதாரர்களுக்கு எல்லாம் கதவைத் திறந்து விட்டதும், அந்த செப்டம்பர் முடியவே இல்லை. 'முடிவில்லாத செப்டம்பர்'னே பெயர். புதுசா வந்தவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. பழைய ஆட்கள் அதைச் சொல்லும்போது இருக்கிற அந்தச் சலிப்பு எனக்கு உறுத்தும். சர்க்கரை நோய் வந்த ஒரு லாரி டிரைவருக்கும் அந்தக் கதவு திறக்கணும்தானே?

ஆனா 1994 ஏப்ரலில் நடந்தது வேற. அரிசோனாவைச் சேர்ந்த ரெண்டு வழக்கறிஞர்கள், கணவன் மனைவி, கிரீன் கார்டு குலுக்கலுக்கு விண்ணப்பிச்சுத் தரோம்னு ஒரு விளம்பரத்தை 5,000க்கும் மேற்பட்ட குழுக்களில் தனித்தனியா போட்டாங்க. ஒரே கடிதத்தைப் பல குழுக்களுக்கு முகவரியிட்டு அனுப்பியிருந்தா, ஒரு தடவை படிச்சவங்களுக்கு மறுபடி காட்டாது. இவங்க வேணும்னே தனித்தனியா அனுப்பினதால, எந்தக் குழுவுக்குள்ள போனாலும் அதே கடிதம். கிளை பிரிச்சு, ஓட்டுப் போட்டு, பலகை மாட்டினது எல்லாத்தையும் ஒரே ராத்திரியில் சுண்ணாம்பு அடிச்சு மறைச்ச மாதிரி. நார்வேயிலிருந்து ஒருத்தர் அவங்க கடிதங்களைத் தேடித் தேடி அழிக்க ஒரு நிரலே எழுதினார். அதுக்கப்புறம் விளம்பரக் குப்பை நிக்கவே இல்லை.

2010ல், ஆரம்பிச்ச இடமான டியூக் பல்கலைக்கழகமே தன் யூஸ்நெட் சர்வரை நிறுத்திடுச்சு. ஜிம் எல்லிஸ் அதைப் பாக்க இல்லை. 2001லேயே லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் இறந்துட்டார்.

பழைய கடிதங்கள் பிழைச்சது ஒரு தற்செயல். டொரோன்டோ பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில் வேலை பார்த்த ஹென்றி ஸ்பென்சர் என்பவர் 1981லிருந்து பத்து வருஷம் வந்த கடிதங்களை 141 காந்த நாடாக்களில் சேமிச்சு வெச்சிருந்தார். சுமார் 20 லட்சம் கடிதங்கள். பிற்பாடு அது கூகுளுக்குப் போச்சு. 2024 பிப்ரவரி 22லிருந்து கூகுள் குரூப்ஸில் புதுசா யூஸ்நெட் கடிதம் எழுத முடியாது, பழசைப் படிக்கலாம். அவ்வளவுதான்.

ஒரு சந்தேகம் இருக்கு, தெரிஞ்சவங்க சொல்லுங்க. சோஷ்.கல்ச்சர்.தமிழ்னு நமக்கும் ஒரு குழு இருந்தது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து போகாது என்பதால், தமிழையே ஆங்கில எழுத்தில் அடிச்சிருக்காங்க. அங்கே எழுதினவங்களோ படிச்சவங்களோ இந்த டைம்லைனில் யாராவது இருக்கீங்களா? வெளிநாட்டில் தனியா இருந்து, உடம்பு சரியில்லைன்னா தமிழில் எங்கே போய்க் கேட்டீங்க? அந்தக் குழுவிலேயேவா, இல்ல அதுக்கும் வேற வாசல் இருந்துச்சா? கமெண்ட்ல எழுதுங்க. பொதுவில் எழுதத் தயங்கினா இன்பாக்ஸ் பண்ணுங்க, ஓ.பி. முடிஞ்சு ராத்திரி படிச்சுடறேன்.